மாம்பூவும் 23,500 ரூபாயும்

மாம்பூவை மிகக் கிட்டே போய்ப் படம் எடுக்க நான் செலவழித்த கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் வாங்கிய எக்ஸ்டென்ஷன் டியூப் 600 ரூபாய், நாலு கண்ணாடி கொண்ட க்ளோஸ்-அப் ஃபில்டர் செட் 900, பழைய 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் (சின்னப் பொருளைப் பெரிதாகக் காட்டுவது) 17,000, அதைக் கழற்றிப் பூஞ்சை துடைத்த கூலி 3,500, கேமரா சென்சாரை (பிம்பம் விழுகிற தகடு) சுத்தம் செய்ய 1,500. ஆக 23,500. இத்தனையும் செலவழித்து, தை தொடங்கி மாசி முடியும்வரை எடுத்த ஆயிரத்துச் சொச்சம் படங்களில் பெரிதாக அச்சுப் போட ஒன்றுகூடத் தேறவில்லை. மாம்பூ வருஷத்துக்கு ஒரு தடவைதான். விட்டால் அடுத்த தைக்குத்தான். அந்த மாசிக் கடைசியில் கேமராவைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு ஒரு மாசம் அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்தேன். பக்கத்தில் கேட்க ஆளில்லை. தப்பு எங்கே என்று தெரியவே ஒரு வருஷம் ஆனது. லென்ஸ் பற்றாமல் நான் தோற்கவில்லை. காற்றையும் வெளிச்சத்தையும் கவனிக்காமல் கண்ணாடி கண்ணாடியாக வாங்கியதில் தோற்றேன்.

இடம் வேலூர் மாவட்டத்தில், குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் ஒரு கிளிமூக்கு மாந்தோப்பு. ஒரு மாம்பூங்கொத்து சாணளவு நீளம் இருக்கும், அதில் ஆயிரம் பூவுக்கு மேல்கூட இருக்கும், ஆனால் தனிப் பூ 6 முதல் 8 மி.மீ. அகலம்தான். கேமராவோடு வருகிற 18-55 லென்ஸ் மிக அருகில் போனாலும் ஏறக்குறைய கால் பங்கு அளவில்தான் உருவத்தை சென்சாரில் விழவைக்கும். 7 மி.மீ. பூ, 22 மி.மீ. அகல சென்சாரில் 2 மி.மீ.கூட வராது. படச் சட்டத்தின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 1:1 என்றால் பூவின் அளவும் சென்சாரில் விழுகிற பிம்பத்தின் அளவும் ஒன்று, அப்போது அதே பூ சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைக்கும். இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எதையும் வாங்க வேண்டும். சரக்கொன்றைக்கு 1:1 தேவையே இல்லை, அந்தப் பூ இரண்டு விரல் அகலம். வேப்பம்பூவுக்குத் தேவை.

டியூப் என்பது உள்ளே கண்ணாடியே இல்லாத வெற்று வளையம். லென்ஸை சென்சாரிலிருந்து தள்ளி வைக்கும், அதனால் இன்னும் கிட்டே ஃபோகஸ் ஆகும். கூடுகிற உருப்பெருக்கம் = டியூப்பின் நீளம் ÷ லென்ஸின் குவிய நீளம் (லென்ஸ் மேல் மி.மீ.-இல் எழுதியிருப்பது). 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. வைத்தால் அரைப் பங்கு, 50 வைத்தால் 1:1. நான் வாங்கிய 600 ரூபாய் செட்டில் 7, 14, 28 மி.மீ. என்று மூன்று வளையம், மொத்தம் 49. கணக்குப்படி சரி. ஆனால் அதில் மின் இணைப்புப் பின்கள் கிடையாது. பின் இல்லையென்றால் கேமராவால் லென்ஸிடம் பேச முடியாது, அபர்ச்சர் (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளை; எஃப் எண் ஏற ஏறத் துளை சிறுக்கும், தெளிவாக வரும் ஆழம் கூடும்) முழுக்கத் திறந்தே கிடக்கும், எஃப் 1.8-இல் 1:1 எடுத்தால் காகிதக் கனத்துக்குத்தான் தெளிவு இருக்கும். கேனானில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு: லென்ஸை நேராக கேமராவில் மாட்டி எஃப் 8 வைத்து, டெப்த்-ஆஃப்-ஃபீல்டு பட்டனை (துளையைச் சுருக்கிக் காட்டுவது) அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றினால் அபர்ச்சர் அந்த அளவிலேயே நின்றுவிடும். பிறகு டியூப்பில் மாட்டலாம். வேலை செய்யும், ஆனால் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இருட்டிவிடும், பின் திரையில் காட்டும் லைவ் வியூவைப் போட்டு பத்து மடங்கு பெரிதாக்கித்தான் ஃபோகஸ் பார்க்க முடியும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் லென்ஸைக் கழற்ற வேண்டும், தோப்பில் புழுதி பறக்கும். அந்த 1,500 ரூபாய் சென்சார் சுத்தம் இங்கிருந்து வந்த செலவுதான். இன்னொன்று, இந்த மலிவு வளையங்கள் திருகில் சிக்கிக்கொள்ளும். இறுக்கிப் பிடித்தால் வளையம் நசுங்கி இன்னும் சிக்கும். பழைய சைக்கிள் டியூபில் இரண்டு துண்டு வெட்டி இரண்டு பக்கமும் சுற்றி, லேசாகப் பிடித்துத் திருப்பினால் வந்துவிடும். இணைப்புப் பின் உள்ள டியூப் செட் அடுத்த வருஷம் 2,200-க்கு வாங்கினேன், முதலிலேயே வாங்கியிருக்க வேண்டியது.

ஃபில்டர் செட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லென்ஸ் முன்னால் மாட்டும் ஒற்றைக் கண்ணாடி ஃபில்டர்கள், இருப்பதிலேயே சக்தி கூடிய +10 போட்டால் இதழ் ஓரத்தில் ஊதாக் கோடு விழும், மூலையெல்லாம் குழையும். இரண்டு மூன்று கண்ணாடி ஒட்டிச் செய்த அக்ரோமாட் வகை வேறு ஜாதி. ரேனாக்ஸ் 250 போல 8 டயாப்டர் (கண்ணாடியின் சக்தி அளவு) உள்ளதை 200 மி.மீ. லென்ஸ் முன்னால் மாட்டினால் 1.6 மடங்கு வரை கிடைக்கும், பூவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே 12 செ.மீ. இடமும் இருக்கும். கையில் ஏற்கெனவே 55-250 வகை ஜூம் வைத்திருப்பவர்கள் மேக்ரோ லென்ஸ் வாங்குமுன் இதைப் பார்க்கலாம்.

அந்த இடைவெளி ஏன் முக்கியம் என்றால் வெளிச்சம். 50 மி.மீ. லென்ஸில் 49 மி.மீ. டியூப் போட்டால் பூவுக்கு ஐந்தாறு செ.மீ. வரை நெருங்க வேண்டிவரும். கேமராவின் நிழலே பூமேல் விழும். போதாததற்கு 1:1-இல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சம் தானாகவே குறையும். காலை ஆறேமுக்காலுக்கு மாமரத்து நிழலில், எஃப் 8-இல், ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் உணர்திறன்) 800 வைத்தும் ஷட்டர் 1/30 நொடிக்கு மேல் ஏறவில்லை. 1/30-இல் மாம்பூ நிற்காது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1:1-இல், சிறிய சென்சார் கேமராவில், எஃப் 8 வைத்தால் தெளிவாக வரும் ஆழம் சுமார் 0.6 மி.மீ. எஃப் 11-இல் 0.9-ஐ நெருங்கும். எஃப் 16-க்குப் போனால் 1.3 வரும், ஆனால் 1:1-இல் எஃப் 16 என்பது உண்மையில் எஃப் 32 போல நடந்துகொள்ளும், ஒளி சிதறிப் படம் முழுக்கவே மங்கும். அதனால் 8-க்கும் 11-க்கும் நடுவில்தான் குடித்தனம். காற்றில் பூ 1 மி.மீ. முன்னால் வந்தால் ஃபோகஸ் போச்சு. பக்கவாட்டில் 1 மி.மீ. நகர்ந்தால் 24 மெகாபிக்சல் கேமராவில் 270 பிக்சல் நகர்ந்ததற்குச் சமம். பூங்கொத்து கிளை நுனியில் இருக்கிறது, நொடிக்கு 2 செ.மீ. வேகத்தில் ஆடுவது கண்ணுக்கு ஆடுவதாகவே தெரியாது, ஆனால் 1/200-இல்கூட அது 27 பிக்சல் இழுபடும். நான் எடுத்த ஆயிரம் படத்தையும் கணினியில் பெரிதாக்கி இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருந்தது. லென்ஸைக் குறை சொன்ன படங்கள் எல்லாம் காற்றில் போன படங்கள்.

நம்ம பக்கத்தில் காற்று ஓய்ந்திருக்கும் நேரம் சூரியன் எழுவதிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். பங்குனியில் சூரியன் ஆறேகால் வாக்கில் எழும். எட்டு மணிக்குத் தரை சூடேறத் தொடங்கியதும் தரையோரக் காற்று மேலெழும்பும், உயரத்துக் காற்று இறங்கும், அதன்பிறகு மாலைவரை ஓயாது. மாம்பூ விடியலில் விரியத் தொடங்கி உச்சிக்குள் விரிந்து முடிந்துவிடும், ஆகவே பூவின் நேரமும் காற்றோயும் நேரமும் ஒத்துப்போகிறது, இது நம் அதிர்ஷ்டம். நான் முதல் வருஷம் ஒன்பதரைக்குத் தோப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வெயில் நன்றாக இருக்குமே என்று!

அந்த ஒன்றரை மணி நேரத்திலும் பூவைப் பிடித்து வைக்க வேண்டும். இதற்குக் கடையில் ஆயிரக்கணக்கில் வாங்க வேண்டியதில்லை. நாலடி மூங்கில் குச்சி ஒன்று, 3 மி.மீ. அலுமினியக் கம்பி முக்கால் மீட்டர், துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப் இரண்டு, கொஞ்சம் ஸ்பாஞ்சு. கம்பியின் இரண்டு முனையிலும் கிளிப்பைக் கட்டி, ஒரு கிளிப் மூங்கிலில், மற்றது கிளையில். கிளிப்பின் வாயில் ஸ்பாஞ்சு ஒட்டியிருக்க வேண்டும். மூங்கிலைத் தரையில் அரையடி இறக்க வேண்டும். ட்ரைபாட் காலில் கட்டாதீர்கள், கிளையின் ஆட்டம் அப்படியே கேமராவுக்கு வரும். இன்னொரு விஷயம், கிளிப்பைப் பூங்கொத்துக் காம்பில் போடக்கூடாது. அது பச்சைத் தண்டு, மடங்கினால் அந்தக் கொத்தில் காய் பிடிக்காது. கொத்து புறப்படும் இடத்துக்குக் கீழே, மரமேறிய கிளையில் போட வேண்டும். தோப்புக்காரர் விட்டுவைத்திருக்கிறார் என்பதற்காக அவர் வருமானத்தை ஒடித்துவிட்டு வரக்கூடாது. காற்று வரும் பக்கம் ஒரு குடையை விரித்துச் சாய்த்து வைத்தால் பாதி ஆட்டம் நின்றுவிடும். வெள்ளைக் குடையானால் வெளிச்சமும் எதிரொளிக்கும், கறுப்புக் குடை இதழ்களைச் சாம்பல் ஆக்கும்.

தத்துப்பூச்சி பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. பூக்கும் பருவத்தில் இது கொத்தின் சாற்றை உறிஞ்சி தேன் போன்ற பிசுபிசுப்பை வெளியேற்றும், கீழே உள்ள இலையெல்லாம் மினுமினுக்கும், பிறகு அதன்மேல் கரும்பூசணம் படரும். கொத்துக்குக் கீழே லென்ஸை நிமிர்த்தி வைத்தால் அந்தத் துளி கண்ணாடியில் விழும். காய்ந்த துணியால் துடைத்தால் இழுபட்டுப் படலமாகும், சர்க்கரைப் பாகைத் துடைப்பதுபோல. டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுத்து, பிறகுதான் லென்ஸ் திரவம். இதற்காகவே ஒரு சாதாரண யு.வி. ஃபில்டர் மாட்டி வைக்கலாம், டியூப்புக்கு வெளியே லென்ஸ் முகத்தில். பூச்சிக்கு மருந்து அடிப்பதும் இதே பருவத்தில்தான். ஒருநாள் தோப்புப் பெரியவர் தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "இன்னாபா, பூவாண்ட மூஞ்சிய வெச்சுக்கினு கீற? நேத்து சாயங்காலந்தான் மருந்து அடிச்சுது. கை கழுவாம எதையும் துன்னாத." பத்து செ.மீ. தூரத்தில் மூச்சை அடக்கி அடக்கி எடுக்கிற வேலை இது. எப்போது அடித்தார்கள் என்று கேட்காமல் தோப்புக்குள் நுழையாதீர்கள். மருந்து காய்ந்த வெள்ளைப் புள்ளிகள் படத்திலும் விழும்.

பழைய மேக்ரோ லென்ஸ் கதைக்கு வருகிறேன். வாங்கும்போது மேலே பளபளவென்று இருந்தது. ஏசி போட்ட கடையில், ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தேன், அது போதாது. அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்ஃபோன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். சிலந்தி நூல் போல கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. மொத்தமாகப் பனி மூட்டம் போலத் தெரிந்தால் உள்ளே எண்ணெய் ஆவி படிந்திருக்கிறது. பூஞ்சை ஆரம்ப நிலையென்றால் துடைத்தால் போகும், முற்றினால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தடம் நிற்கும். என்னுடையது முற்றிய பூஞ்சை. நேர் வெளிச்சத்தில் தெரியாது, இதழ் வழியே ஒளி வர எதிர் வெயிலில் வைத்தால் படம் முழுக்கப் பால் தெளித்ததுபோல் வெளுக்கும். பூவுக்கு எதிர் வெளிச்சம்தான் அழகு, அதற்கே அது உதவாது. விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, பில்லும் என்னிடம் இல்லை. பழைய லென்ஸ் வாங்கினால் ஒரு வாரத் திருப்பல் என்று எழுதி வாங்குங்கள், அது இல்லாவிட்டால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

வைத்துக்கொள்ளும் முறையும் சேர்த்துச் சொல்கிறேன். ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிகா ஜெல் 200 கிராம். நிறம் மாறியதும் அகன்ற தட்டில் பரப்பி மின் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். அரிசியில் புதைத்து வைப்பவர்களும் உண்டு, அதன் மாவுத் தூசு லென்ஸ் வளையத்துக்குள் போகும்.

ஃப்ளாஷுக்கு நான் பயந்திருந்தேன், இயற்கை வெளிச்சம்தான் உயர்வு என்று ஒரு எண்ணம். காற்றுக்குச் சரியான மருந்து ஃப்ளாஷ்தான். கேமரா தலையில் மாட்டும் சாதாரண ஹாட்-ஷூ ஃப்ளாஷை மேனுவலில் 1/16 சக்தியில் வைத்தால் ஒளி 1/5,000 நொடிக்கும் குறைவான நேரமே எரியும். மேலே சொன்ன நொடிக்கு 2 செ.மீ. ஆட்டம் ஏறக்குறைய ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். ஷட்டர் 1/160 அல்லது 1/200, எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 200. முதலில் ஃப்ளாஷை அணைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள், அது ஏறக்குறைய கறுப்பாக வர வேண்டும். வரவில்லையென்றால் வெயிலும் ஃப்ளாஷும் சேர்ந்து பூவுக்கு ஒரு பேய் நிழல் விழும். வெறும் ஃப்ளாஷ் ஒளி இதழில் வெள்ளைத் திட்டாக அடிக்கும். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனின் பாலாடை நிறப் பக்கத்தை வெட்டி வளைத்து, உள்ளே ட்ரேசிங் பேப்பர் ஒட்டி, லென்ஸுக்கு மேல் கூரை மாதிரி நீட்டினால் போதும். கூரை பூவுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு மென்மை. பின்னணி முழுக்கக் கறுப்பாகிவிடும் என்பது ஒரு தொல்லை. பூவுக்குப் பின்னால் பத்து செ.மீ. தள்ளி ஒரு மா இலையைக் கிளிப்பில் மாட்டிவிட்டால் பச்சை வந்துவிடும்.

இது மாம்பூவுக்கு மட்டுமில்லை. மாசி பங்குனியில் ஜவ்வாது மலையடிவாரத்தில் புரசு, பங்குனி சித்திரையில் புங்கம், வேம்பு, பிறகு கத்திரி வெயிலில் சரக்கொன்றை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வம்பு. சரக்கொன்றை மஞ்சள், புரசின் செம்மஞ்சள் இரண்டிலும் சிவப்புச் சேனல் முதலில் நிரம்பி வழிந்துவிடும், சாதாரண ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) அது தெரியாது, மூன்று நிற ஹிஸ்டோகிராமைப் பார்த்து முக்கால் முதல் ஒரு ஸ்டாப் குறைத்து, ரா ஃபைலில் (சென்சார் பதிந்தபடியே சேமிக்கும் மூல ஃபைல்) எடுக்க வேண்டும். இல்லையென்றால் இதழின் நரம்பு ஒன்றும் தெரியாமல் மஞ்சள் பெயிண்ட் ஊற்றியதுபோல் வரும். வெள்ளை வேப்பம்பூ கரும்பச்சை இலைமுன் இருந்தால் கேமரா இருட்டு என்று நினைத்து வெள்ளையை எரித்துவிடும், அங்கேயும் குறைக்க வேண்டும். கத்தரிப் பூ தலை குனிந்து பூக்கும். இலவம்பாடிப் பக்கம் முள் கத்தரிக் கொல்லையில் எடுத்தால் (2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே வேலூர் முள்ளுக் கத்தரிதான்) வரப்பில் படுத்து, கீழே ஒரு வெள்ளைத் தாள் வைத்துத்தான் ஆக வேண்டும். முள்ளுக்கு முழுக்கைச் சட்டை. அந்தப் பூவின் மகரந்தப்பை நுனியில் துளை உள்ளது, வண்டு அதைப் பிடித்துக்கொண்டு ரீங்கரித்து அதிர வைத்தால்தான் மகரந்தம் கொட்டும். தேனீக்கு அது வராது. கருவண்டு வந்து பூவைப் பிடித்துத் தொங்கும் அந்த இரண்டு நொடியும் ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்க முடியாது.

முழுப் பூவும் தெளிவாக வேண்டுமென்றால் அடுக்குப் படம்தான் வழி, அதாவது ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படம் எடுத்துக் கணினியில் ஒன்றாகச் சேர்ப்பது. வேப்பம்பூ உதிரும் காலத்தில் ரசத்துக்காகத் துணி விரித்துப் பொறுக்குவார்களே, அதில் புதிதாக விழுந்த சின்னக் கொத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சொம்புத் தண்ணீரில் நிறுத்தி எடுக்கலாம். 1:1, எஃப் 5.6-இல் ஆழம் 0.45 மி.மீ., ஆகவே கேமராவைத் தாங்கி முன்பின் நகரும் ஃபோகஸ் ரெயிலை 0.3 மி.மீ. வீதம் நகர்த்த வேண்டும். பூவின் ஆழம் 6 மி.மீ. என்றால் 20 படம். படி பெரிதானால் நடுவில் மங்கிய பட்டைகள் விழும். சேர்ப்பதற்கு பிக்கோலே போல இலவச மென்பொருள் போதும், ஹெலிகான், ஸெரீன் காசு கொடுத்து வாங்குவது. கட்டாயம் ஃபேனை அணைக்க வேண்டும். சித்திரை மாத வேலூரில் ஃபேனை அணைத்துவிட்டு இருபது படம் எடுப்பது என்ன பாடு என்று நான் விவரிக்கத் தேவையில்லை, ஆனால் பூவும் அதே சூட்டில்தான் இருக்கிறது, அரை மணியில் சுருங்கத் தொடங்கும், பாதி அடுக்கில் இதழ் நகர்ந்தால் மொத்தமும் வீண். கொத்தை நிறுத்தியதும் ஃப்ரேம் பார்த்துக்கொண்டு நேரம் கடத்தாமல், வேறொரு வாடிய கொத்தை வைத்து எல்லாவற்றையும் முன்பே சரிசெய்துகொள்ளுங்கள்.

தோப்பில் அடுக்குப் படம் நடக்காது. ஒரே படம்தான், ஆகவே எது தெளிவாக வேண்டும் என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். மாம்பூவில் மகரந்தத் தாள் ஐந்து போல இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றில்தான் மகரந்தம், செந்நிற நுனியோடு தனியாக நீட்டிக்கொண்டிருக்கும், மற்றவை குட்டையாக மலடாகக் கிடக்கும். காய் பிடிக்கும் பூவென்றால் நடுவில் மஞ்சள் பச்சையாகச் சின்ன உருண்டைச் சூலகம், இல்லாவிட்டால் ஆண் பூ. அந்தத் தாளும் சூலகமும் இரண்டும் ஒரே தளத்தில் வருமாறு கேமராவைப் பூவுக்கு இணையாகத் திருப்ப வேண்டும், 0.9 மி.மீ. அதற்குப் போதும். இதழ் மங்கினால் மங்கட்டும். அதிலும் கொஞ்சம் பின்வாங்கி அரைப் பங்கு அளவில் எடுத்தால் எஃப் 8-இலேயே 1.9 மி.மீ. ஆழம் கிடைக்கும், 24 மெகாபிக்சலில் பிறகு வெட்டிக்கொள்ளலாம். நான் இப்போது பாதிக்கு மேல் இப்படித்தான் எடுக்கிறேன்.

இரண்டாம் தையில், இணைப்புப் பின் உள்ள டியூப், பழைய 50 மி.மீ., எண்ணெய் கேன், மூங்கில் குச்சி. ஏழு மணிக்கு எடுத்த பதினோராவது படத்தில் தாளும் சூலகமும் இரண்டும் நின்றன. பெரியவர் வந்து கேமராத் திரையை எட்டிப் பார்த்தார். "நைனா, இது காய் பிடிக்கிற பூ" என்று காட்டினேன். "இம்மாம் பூவுல கொத்துக்கு ஒண்ணு நின்னா ஜாஸ்தி" என்றவர், "அந்தக் கொம்பப் புடுங்கிக்கோ, தண்ணி பாயப் போவுது" என்று மடை பக்கம் நடந்தார்.